சாஸ் ப்ரோக்ராம்களை சாஸ் இல்லாமலே ஓட்ட முடியுமா? ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு கேள்வி

மிட்ரண்ட்வாசி

வணக்கம். ஜோஹன்னஸ்பர்க் வடக்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரதானத் தொழில் ஃப்யூனரல் கவர். இந்த நாட்டில் வேறு எந்தக் காப்பீடும் எடுக்காத குடும்பங்கள்கூட இறுதிச்சடங்குக்கு ஒரு பாலிசி வைத்திருக்கும். ஒரே பாலிசியில் பாட்டியும் இருப்பார், போன வருஷம் பிறந்த பேரக்குழந்தையும் இருக்கும்.

எங்கள் கணக்கு முழுக்க சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில்தான் ஓடுகிறது: பிரீமியம், க்ளெய்ம், கையிருப்பு, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 17 என்ற காப்பீட்டுக் கணக்கியல் விதிப்படியான அறிக்கைகள், எல்லாமே. சில ப்ரோக்ராம்களை எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். லைசென்ஸை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், விலையோ டாலரை ஒட்டிப் போகிறது. ரேண்ட் சரிந்தால் நாங்கள் ஒரு வரி கூடுதலாக எழுதாமலே செலவு ஏறிவிடும்.

இப்போது மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: சாஸ் மொழியில் எழுதிய ப்ரோக்ராமை அப்படியே ஓட்டும் வேறு மென்பொருள் இருக்கிறதாமே, அதற்கு மாறினால் என்ன? ஆர் அல்லது பைத்தான் மொழியில் திருப்பி எழுதலாம் என்று டீமில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இங்கே யாராவது இதை நிஜமாகச் செய்திருந்தால் சொல்லுங்கள். விற்பனைக்காரர்களின் ஸ்லைடுகளை நிறையப் பார்த்தாயிற்று.

சேண்டன்_கடன்கணக்கு

செய்திருக்கிறேன், கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் மென்பொருளின் பழைய பெயர் டபிள்யூபிஎஸ். இங்கிலாந்தில் வேர்ல்ட் ப்ரோக்ராமிங் என்ற சின்ன நிறுவனம் எழுதியது. 2021 டிசம்பரில் ஆல்டேர் அதை வாங்கியது, இப்போது பெயர் ஆல்டேர் எஸ்எல்சி. 2025 மார்ச்சில் ஆல்டேரையே சீமென்ஸ் வாங்கிவிட்டது. பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் வேலை ஒன்றுதான். உங்கள் சாஸ் ப்ரோக்ராமை எடுத்து, தானே படித்து, தானே இயக்கும். உள்ளே சாஸ் இருக்காது, வேறு மொழிக்கு மாற்றித் தரும் கருவியும் அல்ல.

டேட்டா ஸ்டெப், மேக்ரோ, ப்ராக் எஸ்க்யூஎல், சார்ட், மீன்ஸ், ஃப்ரீக், டிரான்ஸ்போஸ் போன்ற அன்றாட விஷயங்கள் ஓடும் (ப்ராக் என்றால் சாஸின் ஒரு தயார்ச் செயல்முறை). சாஸ் டேட்டாசெட் ஃபைல்களைப் படிக்கும், எழுதும். அதே ப்ரோக்ராமுக்குள் ஆர் அல்லது பைத்தான் கோடை வைத்து ஓட்டவும் வழி இருக்கிறது. அதுவும் விலைக்கு விற்கும் மென்பொருள்தான், இலவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிக்கல் மொழிக்கு வெளியே இருக்கிறது. எண்டர்பிரைஸ் கைடில் மவுஸால் இழுத்துப் போட்டுச் செய்த ப்ராஜெக்ட்டுகள், எண்டர்பிரைஸ் மைனரில் கட்டிய மாடல்கள், விஷுவல் அனலிட்டிக்ஸ் டாஷ்போர்டுகள் எல்லாம் சாஸ் மொழி அல்ல, சாஸ் நிறுவனத்தின் தனிப் பொருட்கள். எங்கள் டீமில் எல்லோரும் "எங்களிடம் இருப்பது வெறும் கோடு மட்டுமே" என்றுதான் தொடங்கினார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் முக்கியமான மாதாந்திர அறிக்கைகள் பல கைடு ப்ராஜெக்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தன.

அதனால் விலை பேசுவதற்கு முன்னால் சர்வரில் இருக்கும் எல்லா ப்ரோக்ராம்களையும் திரட்டுங்கள். எந்தெந்த ப்ராக் எத்தனை இடத்தில் வருகிறது என்று பட்டியல் போடுங்கள். உங்கள் கோடைப் படித்து, எது ஆதரிக்கப்படவில்லை என்று சொல்லும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. அந்த அறிக்கை கையில் இல்லாமல் யாரோடும் கூட்டம் போடாதீர்கள்.

கேப்_பைத்தான்

வேறு கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒரு விற்பனையாளரை விட்டு இன்னொரு விற்பனையாளரிடம் போவதற்கு இவ்வளவு உழைப்பா? கேப் டவுனில் நாங்கள் வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளில் சாஸ் தெரிந்தவர் கிட்டத்தட்ட இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஆரும் பைத்தானும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதே பழைய ப்ரோக்ராமை வேறு இடத்தில் ஓட்டினால் இன்னும் பத்து வருஷம் கழித்து அதைத் திருத்த ஆள் இருக்காது. இப்போதே திருப்பி எழுதுவதுதான் நியாயம்.

இன்னொன்று. ஆர் மொழியே இப்படிப் பிறந்ததுதான். பெல் லேப்ஸில் 1976-ல் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் எஸ் மொழியைத் தொடங்கினார்கள். 1990-களில் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எஸ் போலவே எழுதக்கூடிய ஒரு மொழியைத் தாங்களே கட்டினார்கள். 1995-ல் அதை ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், 2000 பிப்ரவரி 29 அன்று முதல் முழு வெர்ஷன் வந்தது. பழைய எஸ் ப்ரோக்ராம்கள் பல சின்னத் திருத்தத்தோடு அதில் ஓடின. ஒத்துப்போகும் மென்பொருள் இலவசமாகவும் திறந்தும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. இன்று எஸ் என்ற பெயரே பலருக்குத் தெரியாது.

சேண்டன்_கடன்கணக்கு

கோபம் ஒன்றும் இல்லை. பத்து வருஷம் கழித்து ஆள் கிடைக்க மாட்டார்கள் என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "திருப்பி எழுது" என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று மிட்ரண்ட்வாசி தெரிந்துகொள்ள வேண்டும். சாஸிலிருந்து ஆருக்கோ பைத்தானுக்கோ போகும்போது எந்த எர்ரரும் வராமல் பதில் மட்டும் மாறும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு உண்மையான பயம் அங்கேதான்.

முதலில் விடுபட்ட மதிப்புகள். சாஸில் விடுபட்ட எண் எந்த எண்ணைவிடவும் சிறியது. "வருமானம் 5000-க்குக் குறைவு" என்று ஒரு நிபந்தனை எழுதினால், வருமானமே பதிவாகாத ஆளும் உள்ளே வந்துவிடுவார். ஸ்டேட்டா என்ற இன்னொரு மென்பொருளில் இது தலைகீழ், விடுபட்டது எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆரில் விடை உண்மையும் அல்ல பொய்யும் அல்ல, விடுபட்டதாகவே வரும். பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் பொய் என்று வரும். ஒரே வரியை நான்கு இடத்தில் எழுதினால் நான்கு விதமாக நடக்கும். உங்கள் பழைய ப்ரோக்ராமை எழுதியவர் சாஸின் குணத்தை நம்பித்தான் எழுதினாரா, கவனிக்காமல் விட்டாரா என்று இப்போது யாரைக் கேட்பது?

அடுத்து லாஜிஸ்டிக் ரெக்ரஷன். 0, 1 என்று இருக்கும் விளைவுக்கு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ப்ராக் லாஜிஸ்டிக் 0-வின் நிகழ்தகவை மாடல் செய்யும். ஆரின் ஜிஎல்எம் 1-ஐச் செய்யும். குறி எல்லாம் தலைகீழாகிவிடும். க்ளாஸ் மாறிகளுக்கு, அதாவது வகை காட்டும் மாறிகளுக்கு, சாஸ் ஒரு குறியீட்டு முறையை எடுத்துக்கொள்ளும், ஆர் வேறொன்றை. கெழு எண்கள் ஒத்துப்போகவே போகாது, ஆனால் மாடல் ஒன்றுதான். இதை விளக்கி ஆடிட்டரை நம்ப வைக்க எங்களுக்குப் பல வாரம் பிடித்தது.

பெர்சென்டைல் கணக்கிலும் இப்படித்தான். சாஸின் இயல்பான முறை ஆரில் டைப் 2, ஆரின் இயல்பு டைப் 7. சின்ன டேட்டாவில் வித்தியாசம் கண்ணில் படும். 2.5-ஐ ரவுண்ட் செய்தால் சாஸில் 3, ஆரிலும் பைத்தானிலும் 2. ஒரு பாலிசிக்கு ஒரு சென்ட் என்றாலும் லட்சக்கணக்கான பாலிசிகளில் மொத்தம் தப்பும்.

தேதிகளில் சாஸ் 1960 ஜனவரி 1-லிருந்து நாட்களை எண்ணும், ஆர் 1970-லிருந்து. இடையில் 3653 நாள். இது தப்பினால் உடனே தெரிந்துவிடும், அதனால் இதைப் பற்றிக் கவலை குறைவு.

இரண்டு டேட்டாசெட்டை இணைக்கும் டேட்டா ஸ்டெப் மெர்ஜ் இன்னொரு ஆபத்து. இரண்டு பக்கமும் ஒரே சாவி பல முறை வந்தால் சாஸ் வரிசையாக ஜோடி சேர்த்துக்கொண்டு போய், லாகில் ஒரு குறிப்பு மட்டும் போடும். ஆர், பாண்டாஸ் இரண்டும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பெருக்கும். வரிகளின் எண்ணிக்கையே மாறிப்போகும்.

ஒத்துப்போகும் மென்பொருள் இத்தனையையும் சாஸ் செய்வது போலவே செய்யத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

டர்பன்_டீச்சரக்கா

நான் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நாங்கள் நேட்டால்வாசிகள். தமிழ் எனக்கு சாட்ஸ்வர்த்தில் மாலை வகுப்பில் வந்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் உலகம் சாஸ் அல்ல, எஸ்பிஎஸ்எஸ். ஆனால் கேள்வி அதேதான் என்பதால் எழுதுகிறேன். எஸ்பிஎஸ்எஸ் 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் சமூக அறிவியல் ஆய்வுக்காக எழுதப்பட்டது, 2009-ல் ஐபிஎம் வாங்கியது. எங்களிடம் கேம்பஸ் கம்ப்யூட்டர்களில் லைசென்ஸ் இருக்கிறது. மாணவர்கள் வீட்டுக்குப் போனால் அது அவர்களிடம் இல்லை. குவாமாஷு, பீனிக்ஸ், உம்லாசி என்று தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள். 2022-லும் 2023-லும் மின்வெட்டு மோசமாக இருந்தபோது லேபிலும் வேலை நடக்கவில்லை.

அப்போது பிஎஸ்பிபி என்ற மென்பொருளைக் கொடுக்க ஆரம்பித்தேன். க்னூ திட்டத்தின் ஒரு பகுதி, பென் ஃபாஃப் தொடங்கியது, முழு இலவசம், காலாவதி கிடையாது. எஸ்பிஎஸ்எஸ் சின்டாக்ஸை அப்படியே எழுதலாம், எஸ்பிஎஸ்எஸ்ஸின் சாவ் டேட்டா ஃபைலை நேராகத் திறக்கும். பழைய லேப்டாப்பிலும் ஓடும், இணையம் வேண்டாம். பாட்டரி இருக்கும்வரை பிள்ளை வேலை செய்துகொண்டே இருக்கலாம். ஃப்ரீக்வென்ஸிஸ், கிராஸ்டாப்ஸ், டி-டெஸ்ட், ஒன்வே, ரெக்ரஷன், ஃபேக்டர், ரிலையபிலிட்டி எல்லாம் இருக்கிறது. ஹானர்ஸ் வரைக்கும் இது தாராளம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இருக்கும் எல்லாமே இதில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மிக்ஸ்ட் மாடல் வேண்டுமானால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வேடுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. நாட்டின் புள்ளியியல் துறையான ஸ்டேட்ஸ் எஸ்ஏவின் காலாண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பை மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சுமார் 30,000 வீடுகளின் மாதிரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எடை எண் உண்டு, அது மாதிரியை நாட்டின் மக்கள்தொகைக்கு உயர்த்துவதற்கு. வெயிட் பை என்று போட்டவுடன் எஸ்பிஎஸ்எஸ்ஸும் பிஎஸ்பிபியும் அந்த எடையை நிஜமான ஆட்களின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான பேரைப் பேட்டி எடுத்தது போல கை-ஸ்கொயர் வரும், எதைச் சோதித்தாலும் பி மதிப்பு 0.000. பிள்ளை சந்தோஷமாக "மிகவும் குறிப்பிடத்தக்க தொடர்பு" என்று எழுதிக்கொண்டு வரும்.

சதவீதத்துக்கு அந்த எடை சரி. சோதனைக்கு அது தவறு. எடையை அதன் சராசரியால் வகுத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. மாதிரி எடுத்த அடுக்கு (ஸ்ட்ராட்டம்), கொத்து (கிளஸ்டர்) இரண்டையும் கணக்கில் எடுப்பதுதான் முறை. எஸ்பிஎஸ்எஸ்ஸில் அதற்கு காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பகுதி. பிஎஸ்பிபியில் அது இல்லை. அதனால் மாஸ்டர்ஸ் பிள்ளைகளை நான் ஆருக்கு அனுப்பிவிடுகிறேன், தாமஸ் லம்லி எழுதிய சர்வே பேக்கேஜுக்கு. சாஸ் வைத்திருப்பவர்களுக்கு ப்ராக் சர்வேமீன்ஸ் இருக்கிறது.

ஒத்துப்போகும் மென்பொருள் மூலத்தின் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளாது, அதன் பழக்கங்களும் கூடவே வரும். மிட்ரண்ட் தம்பி இதை யோசித்துக்கொள்ளட்டும்.

மிட்ரண்ட்வாசி

அக்கா, உங்கள் தமிழில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மிக்க நன்றி. சேண்டன் அண்ணா, உங்களுக்கும்.

எங்கள் சட்டப் பிரிவு ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறது. சாஸ் நிறுவனம் இந்த டபிள்யூபிஎஸ்காரர்கள் மேல் வழக்குப் போட்டது, பெரிய தொகை தண்டம் விழுந்தது என்று எங்கோ படித்திருக்கிறார்கள். நாளை நாங்கள் மாட்டிக்கொள்வோமா?

மரிட்ஸ்பர்க்_படிப்பாளி

சட்டம் படித்தவன் என்ற முறையில் பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது.

வழக்கு உண்மை, ஆனால் இரண்டு நாட்டில் இரண்டு விதமாகப் போனது. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சில கேள்விகளை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2012 மே 2 அன்று தீர்ப்பு வந்தது, வழக்கு எண் சி-406/10. ஒரு ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்பதற்கும், அதன் ப்ரோக்ராமிங் மொழிக்கும், டேட்டா ஃபைலின் வடிவத்துக்கும் மென்பொருள் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. முறையாக உரிமம் வாங்கியவர் அதை ஓட்டிப் பார்த்து, கவனித்து, எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. மூலக் கோடைத் திருடினால் விஷயம் வேறு. இங்கே அப்படிச் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. மானுவலைப் படித்து, மென்பொருளை ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் நடந்தது வேறு கதை. வாங்கிய உரிமத்தின் நிபந்தனைகளை மீறினார்கள், ஏமாற்றி வாங்கினார்கள் என்று 2015-ல் ஜூரி முடிவு செய்தது. 26.4 மில்லியன் டாலர், அந்த மாநிலச் சட்டப்படி மூன்று மடங்காகி 79.1 மில்லியன். நீங்கள் கேள்விப்பட்ட தொகை இதுதான். இது காப்புரிமைக்கான தண்டம் அல்ல, ஒப்பந்தத்துக்கானது. பிறகு டெக்ஸாஸில் காப்புரிமை வழக்குத் தனியாகப் போட்டார்கள். அது தள்ளுபடியானது, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தள்ளுபடியை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்புகள் எதுவும் தென்னாப்பிரிக்காவைக் கட்டுப்படுத்தாது. இங்கே 1978-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 1992 திருத்தத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களைத் தனி வகையாகப் பாதுகாக்கிறது. உங்கள் சொந்த ப்ரோக்ராம்களை நீங்கள் எதில் ஓட்டினாலும் அவை உங்களுடையவை. நீங்கள் பார்க்க வேண்டியது சாஸ் நிறுவனத்தோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டி ஒப்பிடலாமா, மூன்றாம் ஆளுக்கு வெளியீட்டைக் காட்டலாமா, காலாவதியான பிறகு எதையெல்லாம் நீக்க வேண்டும், இந்த மூன்றையும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். வட கரோலினாவில் சிக்கியதும் ஒப்பந்தத்தில்தான்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா. 2021 ஜூலை 1 முதல் முழு வேகத்தில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாலிசிதாரர்களின் டேட்டாவை வெளிநாட்டு விற்பனையாளரின் கிளவுடில் ஏற்றினால் 72-ஆம் பிரிவு குறுக்கே வரும். சோதனையை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புளூம்_மருத்துவப்புள்ளி

புளூம்ஃபொன்டெய்னிலிருந்து எழுதுகிறேன், மருந்துப் பரிசோதனை டேட்டா எங்கள் வேலை. எங்கள் துறையில் "சாஸ் இல்லாமல் எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஏற்காது" என்று பல வருஷமாக ஒரு நம்பிக்கை. எஃப்டிஏ 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, எந்த ஒரு மென்பொருளையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை என்று. அவர்கள் கேட்டது டேட்டாவை எக்ஸ்போர்ட் என்ற டிரான்ஸ்போர்ட் வடிவத்தில். அதன் அமைப்பைச் சாஸ் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது, யாரும் எழுதலாம். மாறியின் பெயர் 8 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, எழுத்துத் தொடர் 200-க்கு மேல் போகக் கூடாது, இன்னும் அதே பழைய கட்டுப்பாடுதான்.

மென்பொருள் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது சரியாகக் கணக்கிடுகிறது என்று எப்படி உறுதி செய்தாய், எழுத்தில் காட்டு என்று கேட்பார்கள். சாஸிலேயே இருந்தாலும் கேட்பார்கள்.

கேப்_பைத்தான்

சேண்டன் நண்பர் போட்ட பட்டியலில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். விடுபட்ட வருமானம் "5000-க்குக் குறைவு" கூட்டத்தில் சேர்ந்துவிட்டது என்றால், பழைய ப்ரோக்ராமே இத்தனை வருஷம் தவறான பதில் கொடுத்திருக்கலாம். திருப்பி எழுதினால்தான் அது வெளியே வரும். அச்சு அசலாக ஓட்டும் மென்பொருள் அந்தத் தவறையும் அச்சு அசலாகக் காப்பாற்றித் தரும்.

சேண்டன்_கடன்கணக்கு

இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். என் பதில் வரிசை சம்பந்தப்பட்டது. இடத்தை மாற்றுவதும் தவறைத் திருத்துவதும் ஒரே நேரத்தில் நடந்தால், எண் மாறும்போது எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. முதலில் பழைய எண்ணை அப்படியே புது இடத்தில் வரவழையுங்கள், தவறோடு சேர்த்து. அதற்கு ஆடிட்டர் கையெழுத்துப் போடட்டும். பிறகு ஒவ்வொரு ப்ரோக்ராமாக எடுத்துத் திருத்தலாம், பைத்தானிலும் எழுதலாம். அப்போது ஒப்பிட ஒரு நிலையான எண் கையில் இருக்கும்.

லெனேசியா_ஐபிஎம்காரர்

தம்பிமார்களே, நான் ஓய்வு பெற்றவன். லெனேசியாவில் இருக்கிறேன். 1980-களில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய ஐபிஎம் கம்ப்யூட்டரில் சாஸ் எழுத ஆரம்பித்தவன், அதனால் சில பழைய சங்கதிகள் சொல்கிறேன். உங்கள் ப்ரோக்ராம்களில் கொஞ்சமாவது மெயின்ஃப்ரேமிலிருந்து வந்ததா? காப்பீட்டுக் கம்பெனி என்றால் பெரும்பாலும் வந்திருக்கும்.

மெயின்ஃப்ரேமில் எழுத்துகளை வரிசைப்படுத்துவது எப்சிடிக் முறையில். அங்கே எழுத்துகள் முதலில், எண்கள் பிறகு. மற்ற கம்ப்யூட்டர்களில் ஆஸ்கி முறை, எண்கள் முதலில், பிறகு பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. பாலிசி எண்ணில் எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் சார்ட் செய்த வரிசை மாறும். "ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசிப் பாலிசி" என்று ஃபர்ஸ்ட், லாஸ்ட் வைத்து எடுத்திருந்தால் வேறு பாலிசி வந்து நிற்கும். எர்ரர் வராது.

அப்புறம் தசம எண்கள். பழைய ஐபிஎம் முறை பதினாறை அடியாகக் கொண்டது, இன்றைய கம்ப்யூட்டர்கள் இரண்டை அடியாகக் கொண்டவை. கடைசி இலக்கங்களில் வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு டேட்டாசெட்டை ஒப்பிடும் ப்ராக் கம்பேரில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் துல்லியமாக ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும், உடனே ஆயிரம் வேறுபாடு காட்டும். க்ரைடீரியன் ஒன்றைக் கொடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்போம் என்பதை ஒப்பிடுவதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள், பார்த்த பிறகு தீர்மானிக்காதீர்கள்.

ரேண்டம் எண் வைத்து சிமுலேஷன் ஓட்டுகிறீர்கள் என்றால் அது தனி. சீட் எண் ஒன்றாகவே இருந்தாலும் மென்பொருள் மாறினால் அதே வரிசை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல முறை ஓட்டிச் சராசரியையும் பரவலையும் ஒப்பிடுங்கள்.

மிட்ரண்ட்வாசி

ஐயா, நன்றி. எங்கள் பாலிசி எண்ணில் எழுத்தும் எண்ணும் கலந்துதான் இருக்கிறது. 2000-க்கு முன் எழுதிய பகுதி மெயின்ஃப்ரேமிலிருந்து வந்ததுதான் என்று இன்று உறுதி செய்துகொண்டேன்.

ஒரு சின்ன சோதனை ஓட்டிப் பார்த்தோம், எங்கள் சர்வரிலேயே. பெரும்பாலானவை திருத்தம் இல்லாமல் ஓடின. ஒரு இடத்தில் மட்டும் வயது வாரியான எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. மிக வயதானவர்கள் சிலர் குறைந்திருக்கிறார்கள், சின்னக் குழந்தைகள் அதே அளவுக்குக் கூடியிருக்கிறார்கள். பிறந்த தேதியை ஐடி எண்ணிலிருந்து எடுக்கிறோம். மென்பொருளின் கோளாறா?

சேண்டன்_கடன்கணக்கு

கோளாறு இல்லை என்றே நினைக்கிறேன். இயர்கட்ஆஃப் ஆப்ஷனைப் பாருங்கள்.

நம் ஊர் ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த வருஷம், மாதம், நாள். வருஷத்துக்கு இரண்டே இலக்கம். 22 என்றால் 1922-ஆ, 2022-ஆ? சாஸ் 9.4-ல் ஒன்றும் சொல்லாவிட்டால் கட்ஆஃப் 1926: அதாவது 26 முதல் 99 வரை இருந்தால் 1900-கள், 00 முதல் 25 வரை இருந்தால் 2000-கள். அதற்குச் சற்று முந்தைய வெர்ஷன்களில் 1920. உங்கள் பழைய சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் யாராவது ஒரு மதிப்பை எழுதி வைத்திருப்பார்கள், புது இடத்தில் அது வந்திருக்காது.

உங்கள் தொழிலில் எந்தக் கட்ஆஃப் வைத்தாலும் முழுசாகத் தீராது. ஒரே பாலிசியில் 1922-ல் பிறந்த பாட்டியும் 2022-ல் பிறந்த குழந்தையும் இருக்கலாம் என்று நீங்களே சொன்னீர்கள். ஐடி எண்ணில் நூற்றாண்டு எங்கேயும் இல்லை. அடுத்த நான்கு இலக்கம் ஆணா பெண்ணா என்பதற்கு, 5000-க்குக் கீழே என்றால் பெண். பதினோராவது குடியுரிமை, கடைசி இலக்கம் சரிபார்ப்பு. அதனால் பாலிசியில் சேர்ந்த தேதியையும் உறவு முறையையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 2015-ல் சேர்ந்தவர் 2022-ல் பிறந்திருக்க முடியாது.

இன்னொன்று, ஐடி எண்ணை எண்ணாக வைத்திருக்கிறீர்களா, எழுத்தாகவா? எண்ணாக என்றால் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும், பதின்மூன்று இலக்கம் பன்னிரண்டாக நிற்கும். 2000-ல் பிறந்தவருக்கு இன்னும் குறைந்து பதினொன்றாகவோ பத்தாகவோ நிற்கும்.

மிட்ரண்ட்வாசி

அதேதான். பழைய கான்ஃபிக்கில் 1915 என்று இருந்தது, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அந்த மதிப்பை வைத்தவுடன் எண்ணிக்கை ஒத்துப்போய்விட்டது. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு 1915-ம் சரியில்லை என்று தெரிகிறது. 2015-க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லோரையும் நூறு வயது தாண்டியவர்களாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது கையிருப்புக் கணக்கு வரை போகிறது. கேப்_பைத்தான் நண்பர் சொன்னது இங்கே கண்முன்னால் நிற்கிறது. இதைத் தனி விஷயமாக எங்கள் ஆக்சுவரியிடம் (காப்பீட்டுக் கணிப்பாளரிடம்) கொண்டுபோகிறேன். மாற்றத்தோடு கலக்கப் போவதில்லை.

கேப்_பைத்தான்

முதலில் அதைச் செய்யுங்கள். குழந்தையின் பிரீமியமும் கவரும் அதில் அடங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் சிஎஸ்வி ஃபைல்களையும் ஒரு முறை பாருங்கள். விண்டோஸில் தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்தால் தசமத்துக்குக் கமா, ஃபைலைப் பிரிக்க அரைப்புள்ளி. எக்செலிலிருந்து சேமிக்கும் ஆளின் லேப்டாப் அமைப்பைப் பொறுத்து ஃபைல் மாறும்.

மிட்ரண்ட்வாசி

குறித்துக்கொண்டேன். டீமில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மாதாந்திர, காலாண்டு ப்ரோக்ராம்களை எஸ்எல்சிக்குக் கொண்டுபோகிறோம். இரண்டையும் ஒரு முழு வருஷ முடிவு தாண்டும்வரை பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறோம். ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறது என்று சட்டப் பிரிவு எழுத்தில் கொடுத்துவிட்டது. புதிதாக எழுதும் எதுவும் பைத்தானில்.

கடைசியாக ஒன்று. ஃபார்மட் கேட்டலாக்குகள், அதாவது எந்தக் குறியீட்டுக்கு என்ன பெயர் என்று வைத்திருக்கும் ஃபைல்கள், திறக்கவில்லை. மாகாணக் குறியீடு, பாலிசி வகை எல்லாம் அதில்தான் இருக்கிறது. டேட்டா ஃபைல் படிக்கிறது, இது மட்டும் படிக்கவில்லை.

சேண்டன்_கடன்கணக்கு

கேட்டலாக் ஃபைலை நேராக எடுத்துப் போக முடியாது. சாஸ் லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே ப்ராக் ஃபார்மட்டில் சிஎன்டிஎல்அவுட் கொடுத்து எல்லா ஃபார்மட்டையும் சாதாரண டேட்டாசெட்டாக வெளியே எடுங்கள். புது இடத்தில் சிஎன்டிஎல்இன் கொடுத்து உள்ளே போடுங்கள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கூடவே ப்ராக் ஆப்ஷன்ஸ் ஒரு முறை ஓட்டி, முழு லாகையும் சேமித்து வையுங்கள். இயர்கட்ஆஃப் மாதிரி இன்னும் எத்தனை ஒளிந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

லெனேசியா_ஐபிஎம்காரர்

கம்பைல் செய்து சேமித்த மேக்ரோக்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள் தம்பி. அவற்றின் மூலக் கோடு தனி ஃபைலாக இல்லாவிட்டால் கம்பைல் ஆன வடிவத்திலிருந்து புது இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. சோர்ஸ் ஆப்ஷனோடு சேமித்திருந்தால் மேக்ரோ ஸ்டேட்மெண்டைக் காப்பி செய்து எடுக்க சாஸிலேயே வழி உண்டு, அதுவும் லைசென்ஸ் இருக்கும்வரைதான். அப்படிச் சேமிக்கவில்லை என்றால், எழுதியவர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறாரா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள்.